வயர் ஹெட்போன்ல சத்தம் வருதுன்னா போர்டு மாத்த ஒத்துக்காதீங்கம்மா

கேள்வி: வணக்கம் சார். மன்னார்குடி பக்கத்துல இருந்து எழுதறேன், வயசு 61, பாட்டு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனேன், இப்ப சாயங்காலத்துல ஏழெட்டு பிள்ளைங்களுக்கு ஜூம்ல பாட்டு சொல்லித் தரேன். பையன் வாங்கிக் குடுத்த லேப்டாப், நாலு வருஷம் ஆகுது, விண்டோஸ் 11. போன வாரம் பேத்தி வந்து ஒரு வீடியோ போட்டா, சத்தமே வரல. நான் எப்பவும் ஹெட்போன் போட்டுத்தான் கிளாஸ் எடுப்பேன், அந்தக் கருப்பு வயர் ஹெட்போனை சைடுல இருக்கற உருண்டை ஓட்டைல சொருகினா நல்லாவே கேக்குது, கழட்டினா ஒண்ணுமே இல்ல. டவுன்ல கடைல காட்டினேன், அப்டேட்ல டிரைவர் போயிருக்கும், ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம், அதுலயும் வரலைன்னா மதர்போர்டு மாத்தணும், 9,500 ஆகும்னுட்டாங்க. அதுல எங்க குருநாதர் பாடின நாப்பது கேசட்டைக் காப்பி பண்ணி வச்சிருக்கேன், ஃபார்மட்னு சொன்னதும் பயந்து எடுத்துட்டு வந்துட்டேன். இன்னொண்ணு, பக்கத்துல எலெக்ட்ரானிக் தம்புரா வச்சுக்கிட்டு பாடறேன், பிள்ளைங்களுக்கு தம்புரா விட்டு விட்டுத்தான் கேக்குதாம். இதுக்கு சம்பந்தம் இருக்கான்னு தெரியல, ரெண்டு மாசம் முன்னாடி அதே கடைல பேட்டரி மாத்தினோம்.

பதில்:

அம்மா, வணக்கம். ஃபார்மட்னு சொன்னதும் எடுத்துட்டு வந்தீங்க பாருங்க, ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. ஸ்பீக்கர் போனா இன்னொரு ஸ்பீக்கர் வாங்கலாம், உங்க குருநாதர் பாடினதை எங்க போய் வாங்கறது. அதனால நான் கீழ சொல்ற எதையும் தொடறதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு வேலை பண்ணிடுங்க. அந்த நாப்பது கேசட்டும் ஒரு மணி நேரக் கேசட்னு வச்சு, அமுக்காம முழுசா பதிஞ்சிருந்தீங்கன்னா கூட ஒரு கேசட்டுக்கு சுமாரா 635 எம்பிதான் ஆகும், நாப்பதும் சேத்து 25 ஜிபி சொச்சம், ஒரு 64 ஜிபி பென்டிரைவ்ல தாராளமா அடங்கிடும். ரெண்டு பென்டிரைவ் வாங்கி ரெண்டுலயும் போட்டு, ஒண்ணை பையன்கிட்ட குடுத்துடுங்க, ஒண்ணு உங்க பீரோவுல இருக்கட்டும். போட்டதும் அப்படியே மூடி வைக்காதீங்க, பென்டிரைவ்ல இருந்தே நாலஞ்சு பாட்டைத் திறந்து நடுவுல கடைசில எல்லாம் கேட்டுப் பாத்துடுங்க, காப்பி ஆச்சுன்னு நம்பி ஏமாந்தவங்க என் கடைக்கு நிறைய பேர் வந்திருக்காங்க. நான் திருச்சில 18 வருஷமா இந்த வேலைதான் பண்றேன், பொருள் போச்சுன்னு அழுதவங்களை விட போட்டோ போச்சு குரல் போச்சுன்னு அழுதவங்கதான் ஜாஸ்தி.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

உங்க கடிதத்துலயே பாதி பதில் இருக்கு. வயர் ஹெட்போன்ல கேக்குதுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அது சாதாரண விஷயம் இல்ல. நீங்க டெல்டாக்காரங்க, உங்களுக்கு இப்படி சொன்னா உடனே புரியும். மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணை தாண்டி, ஆறு வாய்க்கால் மதகுன்னு பிரிஞ்சு பிரிஞ்சு கடைமடைக்கு வரணும். கடைமடைல ஒரு வயலுக்கு தண்ணி ஏறலைன்னா யாரும் அணை உடைஞ்சு போச்சுன்னு சொல்ல மாட்டோம், வாய்க்கால் கரையோட நடந்து போய் எதுவரைக்கும் தண்ணி வந்திருக்குன்னு பாப்போம். லேப்டாப் சத்தமும் இதே மாதிரிதான், நீங்க போடற வீடியோல இருந்து கிளம்பி, விண்டோஸ் வழியா, விண்டோஸையும் சவுண்டு சிப்பையும் பேச வைக்கற டிரைவர்ங்கற சின்ன சாஃப்ட்வேர் வழியா, போர்டுல இருக்கற ஒரு சின்ன சவுண்டு சிப்புக்கு வருது, அந்த சிப்புதான் கம்ப்யூட்டர் கணக்கா இருக்கறதை காதுக்குக் கேக்கற கரண்டா மாத்துது, நிறைய லேப்டாப்ல ரியல்டெக் கம்பெனி சிப்பு இருக்கும். அதுக்கு அப்புறம்தான் ரெண்டு கிளை, ஒண்ணு ஹெட்போன் ஓட்டைக்குப் போகுது, இன்னொண்ணு ஸ்பீக்கருக்குப் போகுது. உங்களுக்கு ஹெட்போன் கிளைல தண்ணி நிறைஞ்சு ஓடுது. அப்படின்னா வீடியோ சரி, விண்டோஸ் சரி, டிரைவர் பெரும்பாலும் சரி, சிப்பு உயிரோட இருக்கு. கோளாறு அந்தக் கிளை பிரியற இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல எங்கேயோதான் இருக்கு. இதுக்கு முழு மதர்போர்டையும் மாத்தறதுங்கறது எனக்கு சரியாப் படல.

ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்கங்க. நான் இவ்வளவு தைரியமா சொல்றது நீங்க உருண்டை ஓட்டைல சொருகற ஹெட்போன்னு எழுதினதை நம்பித்தான். ப்ளூடூத் ஹெட்போனா இருந்தாலோ, தட்டையா யூஎஸ்பி முனை உள்ளதா இருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது, ஏன்னா அதுங்களுக்குள்ளயே தனியா ஒரு சவுண்டு சிப்பு இருக்கு, லேப்டாப் போர்டுல இருக்கற சிப்பு செத்துப் போயிருந்தா கூட அதுல பாட்டு வரும். இதைப் படிக்கற மத்தவங்களும் கவனிங்க, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல வருது அதனால போர்டு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்து உங்க கடைசி வரி. சம்பந்தம் இருக்கான்னு தெரியலைன்னு போட்டு பேட்டரி மாத்தினதை எழுதியிருக்கீங்க, எனக்கு மொத்த கடிதத்துலயும் அதுதான் முக்கியமான வரி. இப்ப வர்ற நிறைய லேப்டாப்ல ஸ்பீக்கர் ரெண்டும் அடிப்பக்கம் முன்னால ரெண்டு மூலைல இருக்கும், நடுவுல பேட்டரி படுத்திருக்கும், ஒரு ஸ்பீக்கர்ல இருந்து இன்னொண்ணுக்குப் போற வயர் அந்த பேட்டரி ஓரமாவேதான் ஓடும். பேட்டரியைக் கழட்டி மாட்டும்போது அந்த வயர் இழுபட்டு கனெக்டர்ல இருந்து கழண்டு வரலாம், மாட்டறப்ப பேட்டரிக்கு அடியில மாட்டி நசுங்கலாம். கனெக்டர் அரிசி மணி அளவுதான் இருக்கும், கழண்டது கண்ணுக்கே தெரியாது. நீங்க எப்பவும் ஹெட்போன்ல இருக்கறவங்க, அதனால ஸ்பீக்கர் நின்னது போன வாரமா ரெண்டு மாசம் முன்னாடியான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காது, பேத்தி வந்து வீடியோ போட்டதாலதான் வெளிய வந்திருக்கு. பேட்டரி மாத்தின அன்னிலேருந்து ஒரு தடவையாவது ஹெட்போன் இல்லாம எதாவது கேட்டீங்களான்னு யோசிச்சுப் பாருங்க. கேட்டிருந்தா வயர் மேல சந்தேகம் குறையும், கேக்கவே இல்லைன்னா என் விரல் நேரா அங்கதான் நீளும்.

ஆனா கடைக்குத் தூக்கறதுக்கு முன்னாடி வீட்டுலயே கொஞ்சம் பாத்துடலாம், காசு செலவு இல்லாதது. பேத்தியைக் கூட வச்சுக்கங்க, பிள்ளைங்களுக்கு கை வேகம்.

முதல்ல லேப்டாப்பை ரீஸ்டார்ட் குடுங்க, ஷட்டவுன் வேண்டாம். ஷட்டவுன் குடுத்து திரும்ப ஆன் பண்றதும் ரீஸ்டார்ட்டும் ஒண்ணுன்னு எல்லாரும் நினைக்கறாங்க, விண்டோஸ் 8லேருந்து அப்படிக் கிடையாது, சீக்கிரம் ஆன் ஆகணும்ங்கறதுக்காக ஷட்டவுன்ல விண்டோஸோட உள்பகுதியை அப்படியே எழுதி வச்சுக்கிட்டு தூங்கப் போகுது, மறுநாள் அதே குழப்பத்தோட எந்திரிக்குது. ரீஸ்டார்ட்லதான் எல்லாத்தையும் துடைச்சுட்டு புதுசா ஆரம்பிக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் ஹெட்போனைக் கழட்டிட்டு, கீழ கடிகாரம் பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர் படத்தை அழுத்துங்க, வால்யூம் கோடு வரும், அது பக்கத்துலயே ஒரு சின்ன பொத்தான் இருக்கும், அதை அழுத்தினா சத்தம் எந்த வழியா போகலாம்னு ஒரு பட்டியல் வரும். அதுல ஸ்பீக்கர்னு இருக்கறது தேர்வாகி இருக்கான்னு பாருங்க. டிவில கேபிள் போட்டு மாட்டியிருந்தீங்கன்னா டிவி பேரு அங்க தேர்வாகி இருக்கலாம், பீரோவுல அணைக்காம கிடக்கற ப்ளூடூத் ஹெட்போனைக் கூட அது பிடிச்சு வச்சிருக்கும். கீபோர்டுல மேல் வரிசைல ஸ்பீக்கர் படத்துல பெருக்கல் குறி போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும், அது மேல லைட் எரிஞ்சா ஒரு தடவை அழுத்துங்க.

இதுல வரலைன்னா இன்னொரு இடம் பாக்கணும், நான் போன்ல கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரியே சொல்றேன். விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேத்து அழுத்துங்க, சின்னதா ஒரு கட்டம் வரும், அதுல எம், எம், எஸ், ஒய், எஸ், ஒரு புள்ளி, சி, பி, எல், நடுவுல இடைவெளி விடாம அடிச்சு என்டர் குடுங்க. பழைய சவுண்டு ஜன்னல் திறக்கும். வெத்து இடத்துல ரைட் கிளிக் பண்ணி, முடக்கி வச்சதையும் கனெக்ட் ஆகாததையும் காட்டுன்னு ரெண்டு வரி இருக்கும், ரெண்டுக்கும் டிக் போடுங்க. இப்ப எதாவது ஒரு பாட்டை ஓட விட்டுட்டு இந்த ஜன்னலைப் பாருங்க, ஸ்பீக்கர் வரிசைக்கு நேரா பச்சைக் கட்டம் ஏறி இறங்கி ஆடுதா. ஆடுச்சுன்னா விண்டோஸ் தன் வேலையைப் பண்ணிடுச்சு, சத்தத்தை அனுப்பிடுச்சு, அதுக்குக் கீழதான் அடைப்பு. ஆடறது ஸ்பீக்கர் இல்லாம ஹெட்போன் வரிசைல இருந்தா, அதுவும் நீங்க ஹெட்போன் சொருகாதப்போ, அப்ப லேப்டாப் இன்னும் ஹெட்போன் சொருகியிருக்குன்னே நம்பிக்கிட்டு இருக்கு. சில மாடல்ல ரெண்டுக்கும் சேத்து ஒரே பேரா போட்டிருப்பாங்க, அதுல வித்தியாசம் தெரியாது, அப்ப கீழ சொல்ற, ஹெட்போன் பின்னைச் சொருகி எடுக்கற டெஸ்ட்தான் வழி.

இந்த ஹெட்போன் ஓட்டையைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஹெட்போன்ல வருது ஸ்பீக்கர்ல வரலைன்னு என்கிட்ட வர்ற லேப்டாப்புல பேட்டரி கதை இல்லாததுல நான் முதல்ல பாக்கறது இதைத்தான். அந்த 3.5 மில்லிமீட்டர் ஓட்டைக்குள்ள தகடு தகடா ஸ்பிரிங் இருக்கு, அதுல ஒண்ணு சுவிட்சு மாதிரி வேலை பாக்குது. பின் உள்ள போனா அந்தத் தகடு நகரும், சிப்புக்குத் தகவல் போகும், அது ஸ்பீக்கரை நிறுத்தி ஹெட்போனுக்குத் திருப்பி விடும். பின்னை எடுத்ததும் தகடு பழைய இடத்துக்கு வரணும். தினம் ஒரு தடவை சொருகி எடுத்துக்கிட்டு நாலு வருஷம் ஓட்டினா தகடு தளர்ந்து போகலாம், உள்ள பஞ்சும் தூசியும் சேரலாம், உங்க பக்கம் ஐப்பசி கார்த்திகை ஈரத்துல களிம்பு பிடிக்கலாம். தகடு திரும்ப வரலைன்னா ஸ்பீக்கர் நல்லா இருந்தும் ஊமையாவே கிடக்கும்.

டெஸ்ட் எப்படின்னா, ஒரு பாட்டை ஓட விட்டு, பின்னை முழுசா சொருகி எடுங்க, மெதுவா ஒரு பத்துப் பதினைஞ்சு தடவை. அப்புறம் பாதி உள்ள வச்சு லேசா சுத்துங்க. எப்பவாவது ஒரு நொடி ஸ்பீக்கர்ல கரகரன்னோ ஒரு துண்டு பாட்டோ வந்துச்சுன்னா குற்றவாளி ஓட்டைதான், ஸ்பீக்கரும் வயரும் நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்படி வந்தா ஷட்டவுன் பண்ணி சார்ஜரை எடுத்துட்டு, பல் இடுக்குல விட்டு சுத்தம் பண்ற குட்டி பிரஷ் மெடிக்கல்ல கிடைக்கும், அதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொட்டு உதறிட்டு உள்ள விட்டு ரெண்டு மூணு தடவை திருப்பி எடுங்க, அரை மணி காய விட்டு ஆன் பண்ணுங்க. ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி எதையும் விடக் கூடாது, தகடு வளைஞ்சா அப்புறம் ஓட்டையையே மாத்தணும். தேங்காயெண்ணெய் விட்டுப் பாத்தேன்னு ஒருத்தர் கொண்டு வந்தார், அந்தப் பிசுக்கை எடுக்கறதுக்குள்ள பாதி நாள் போச்சு. உள்ள டார்ச் அடிச்சும் பாருங்க. ஒரு காலேஜ் பொண்ணு வேற ஒரு இடத்துல 11,000 குடுத்து போர்டு மாத்தி, அப்புறமும் மூணே வாரத்துல மறுபடி சத்தம் வரலைன்னு என்கிட்ட வந்துச்சு. திறந்து பாத்தா பழைய ஹெட்போன் பின் முனை ஒடிஞ்சு உள்ளயே கிடக்கு, நாலு மில்லிமீட்டர் கூட இருக்காது. அந்த லேப்டாப்ல ஓட்டை இருக்கறது ஓரத்துல தனியா ஒரு சின்ன போர்டுல, மதர்போர்டை மாத்தினவங்க அந்தச் சின்ன போர்டை அப்படியே திரும்ப மாட்டியிருக்காங்க, முனையும் கூடவே வந்திருக்கு, நடுவுல மூணு வாரம் அது கொஞ்சம் நகர்ந்து வழி விட்டிருக்கு அவ்வளவுதான். அந்தப் பொண்ணு ஃபீஸ் கட்ட வச்சிருந்த காசும்மா அது. இன்னிக்கு நினைச்சாலும் மனசு ஆறல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

டிரைவர், அப்டேட்னு சொன்னாங்களே, அதையும் ஒதுக்கிட முடியாது, ஆனா அதைக் கண்டுபிடிக்க ஃபார்மட் தேவையில்ல. சில புது மாடல்ல ஸ்பீக்கருக்குன்னு தனியா ஒரு ஆம்ப்ளிஃபயர் சிப்பும் அதுக்குத் தனி டிரைவரும் இருக்கு, அந்த டிரைவர் கெட்டா ஹெட்போன் பாடும் ஸ்பீக்கர் பாடாது, உங்க நிலைமை மாதிரியேதான் இருக்கும். நாலு வருஷம் முந்தின சாதாரண விலை லேப்டாப்ல இது அபூர்வம்தான், இருந்தாலும் பாத்துடலாம். விண்டோஸையே தொடாம வேற ஒரு சிஸ்டத்துல லேப்டாப்பை ஓட விட்டு ஸ்பீக்கர் பாடுதான்னு பாக்கறதுதான் வழி. உங்களுது டெல்லா இருந்தா ரொம்ப சுலபம், ஆன் பண்ணும்போதே எஃப் 12 தட்டிக்கிட்டே இருங்க, வர்ற பட்டியல்ல டயக்னாஸ்டிக்ஸ்னு இருக்கும், அது ஸ்பீக்கர்ல ஒலி எழுப்பிட்டு கேட்டுச்சான்னு உங்களையே கேக்கும். மத்த கம்பெனின்னா பையன்கிட்ட சொல்லி 8 ஜிபிக்குக் குறையாத ஒரு காலி பென்டிரைவ்ல உபுண்டுன்னு விண்டோஸுக்குப் பதிலா ஓடற ஒரு இலவச சிஸ்டத்தை ஏத்தித் தரச் சொல்லுங்க, குருநாதர் பாட்டு இருக்கற பென்டிரைவை இதுக்கு எடுத்துடாதீங்க, ஏத்தறப்ப உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். அதுல இருந்து லேப்டாப்பை ஆன் பண்ணா, இன்ஸ்டால் பண்ணவா இல்ல சும்மா முயற்சி பண்ணிப் பாக்கவான்னு கேக்கும். முயற்சிதான் அழுத்தணும், இன்ஸ்டால் பக்கம் கையே போகக் கூடாது, பையன் பக்கத்துல இருக்கறப்ப மட்டும் பண்ணுங்க. பயாஸ்னு ஒரு நீலமோ கருப்போ திரை வந்தா அங்க எதையும் மாத்தாம வெளிய வந்துடணும், அங்க கை வச்சா சில லேப்டாப்ல விண்டோஸ் பூட்டிக்கிட்டு நீளமா ஒரு ரிக்கவரி எண் கேக்கும்.

உபுண்டுல ஸ்பீக்கர் பாடுச்சுன்னா கோளாறு விண்டோஸ்லதான், ஒரு ஸ்க்ரூ கூட கழட்ட வேண்டாம். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்னு ஒரு ஜன்னல் இருக்கும், அதுல சவுண்டு வரிசைல போய் டிரைவரை முந்தின பதிப்புக்குத் திருப்பற பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க, மங்கலா இருந்து அழுத்த முடியலைன்னா லேப்டாப் அடிப்பக்கம் இருக்கற சீரியல் நம்பரை எடுத்து கம்பெனியோட சொந்த சப்போர்ட் பக்கத்துல போட்டு அந்த மாடலுக்கான ஆடியோ டிரைவரை இறக்கிப் போடுங்க. டிரைவர் எல்லாத்தையும் நாங்களே தேடித் தரோம்னு விளம்பரம் பண்ற சாஃப்ட்வேர் எதையும் உள்ள விடாதீங்க, முதல்ல சும்மான்னு சொல்லும், அப்புறம் காசு கேக்கும், கூடவே குப்பையைக் கொட்டிட்டுப் போகும். உபுண்டுலயும் ஊமைன்னா, புது மாடல் சிலதுல அந்தத் தனி ஆம்ப்ளிஃபயரை உபுண்டுக்கே தெரியாம போகறது உண்டு, அதை விட்டுட்டா, விண்டோஸ் மேல பழி போட வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஃபார்மட்டைப் பத்தி நான் இவ்வளவு அழுத்தமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தொழிலுக்கு வந்த ரெண்டாவது வருஷம் ஒரு ரிட்டையர்டு தபால்காரர் இதே மாதிரி சத்தம் வரலைன்னு கொண்டு வந்தார். நானும் அப்ப ஃபார்மட் பண்ணிடலாம் சார்னு சொன்னேன், முக்கியமானது எதாவது இருக்கான்னு கேட்டேன், அவர் இல்லைன்னார், பண்ணிட்டேன். சத்தம் வரல, கோளாறு ஸ்பீக்கர் வயர்ல. ஒரு வாரம் கழிச்சு வந்து தம்பி என் வீட்டுக்காரம்மா போட்டோ ஒரு ஃபோல்டர்ல இருந்துச்சே, அது எங்கன்னு கேட்டார். அந்தம்மா இறந்து போய் ஆறு மாசம் ஆகியிருந்துச்சு. மீட்டெடுக்கற சாஃப்ட்வேர் போட்டு ரெண்டு நாள் உக்காந்தேன், பாதிதான் வந்துச்சு. அதுலேருந்து சத்தம் வரலைன்னு வர்ற லேப்டாப்பை நான் ஃபார்மட் பண்றதில்ல, முக்கியமானது இருக்கான்னு கேக்கறதும் இல்ல, நானே முதல்ல காப்பி எடுத்துடறேன்.

இப்ப கடைக்குப் போற கட்டம். அதே கடைக்குப் போறதுல தப்பில்ல, பேட்டரி அவங்க மாட்டினது, வயர் கழண்டிருந்தா அவங்களே காசில்லாம சரி பண்ணித் தரணும். சண்டையா ஆரம்பிக்க வேண்டாம். அவங்க ஏமாத்தறாங்கன்னும் நான் சொல்லல, சிப்பு லெவல்ல வேலை தெரிஞ்ச ஆள் இல்லாத கடைல போர்டை மாத்தறது மட்டும்தான் அவங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம். நீங்க போய் உக்காந்துக்கிட்டு, தம்பி ஹெட்போன்ல வருது, அதனால பின்பக்கம் திறந்து ஸ்பீக்கர் கனெக்டர் மாட்டியிருக்கா, பேட்டரிக்கு அடில வயர் நசுங்கியிருக்கான்னு என் கண்ணு முன்னாடி பாத்து சொல்லுங்கன்னு கேளுங்க. கனெக்டர் சரியா இருந்தா மல்டிமீட்டரை வச்சு ஒவ்வொரு ஸ்பீக்கரோட மின்தடையையும் ஓம் கணக்குல அளக்கச் சொல்லுங்க, லேப்டாப் ஸ்பீக்கர் சாதாரணமா 4 ஓம் இல்ல 8 ஓம், மீட்டர்ல அதை ஒட்டி கொஞ்சம் குறைச்சலா காட்டும், அது நல்ல ஸ்பீக்கர். மீட்டர் நகரவே இல்லைன்னா உள்ள காயில் அறுந்திருக்கு, இல்ல வயர் அறுந்திருக்கு. ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்துல காயில் போறது அபூர்வம், ரெண்டும் ஒண்ணா நின்னிருக்குன்னா கனெக்டரோ வயரோதான்னு எனக்குத் தோணும். ஜோடி ஸ்பீக்கர் நான் வாங்கற விலை மாடலைப் பொறுத்து 500லேருந்து 1,200 வரைக்கும், மாட்டற கூலி தனி. ஹெட்போன் ஓட்டைதான் கெட்டிருக்குன்னா நிறைய மாடல்ல அது அந்தத் தனி சின்ன போர்டுல இருக்கும், அதை மட்டும் மாத்தலாம், மதர்போர்டுலயே பத்த வச்சிருந்தாலும் அதை எடுத்துட்டு வேற வைக்கற ஆள் தஞ்சாவூர்ல திருச்சில இருக்காங்க.

வயர் சரி, ஸ்பீக்கர் சரி, ஓட்டை சரி, உபுண்டுலயும் வரலைன்னா அப்பதான் சிப்பு பக்கம் போகணும். அந்த சிப்புக்குள்ள ஹெட்போனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்னு தனித்தனியா இருக்கும், நசுங்கின வயர் ஷார்ட் ஆகி ஸ்பீக்கர் பகுதி மட்டும் போகறது எப்பவாவது நடக்கும். அப்பக் கூட சுண்டு விரல் நகத்தை விட சின்ன சிப்பு ஒண்ணைத்தான் மாத்தணும், உங்களுக்குச் சொன்ன போர்டு விலைல பாதி கூட ஆகாது. இந்த ஷார்ட் பயம் இருக்கறதால ஒண்ணு பண்ணுங்க, திறந்து பாக்கற வரைக்கும் ஸ்பீக்கர்ல வருதான்னு வால்யூமை முழுசா ஏத்தி ஏத்திப் பாக்காதீங்க, அந்தப் பின் டெஸ்ட் பண்றப்பவும் பாதி வால்யூம் போதும்.

கிளாஸ் நிக்க வேண்டாம், ஹெட்போன்லயே எடுங்க. அந்த ஓட்டையும் மக்கர் பண்ணா யூஎஸ்பில சொருகற குட்டி சவுண்டு கார்டு 200, 300க்கு கிடைக்குது, சொருகினதும் தானா வேலை செய்யும், ஹெட்போன் மைக் ரெண்டுக்கும் ஓட்டை இருக்கும். யாராவது ப்ளூடூத் ஹெட்போன் வாங்கச் சொன்னா பாட்டு கிளாஸுக்கு வேண்டாம்மா. மைக்கையும் சேத்து அதுல போட்டா நிறைய ஹெட்போன் டெலிபோன் தரத்துக்கு இறங்கிடும், சங்கதி எல்லாம் மழுங்கிப் போகும், சத்தம் வேற கொஞ்சம் தாமதமா வரும், தாளம் போடற இடத்துல அது ஒத்து வராது.

தம்புரா விட்டு விட்டுக் கேக்குதுங்கறது இதோட சேந்த கோளாறே இல்ல, லேப்டாப்பும் நல்லா இருக்கு உங்க தம்புராவும் நல்லா இருக்கு. ஜூம் பேச்சுக்காக செஞ்சது, மாறாம ஒரே சீரா வர்ற ஒலி எதுவா இருந்தாலும் ஃபேன் சத்தம் ஏசி சத்தம்னு நினைச்சு வடிகட்டிடும். தம்புரா ஒரே சீரா இருக்கணும்னுதானே நாம வச்சிருக்கோம், அதையே அது இரைச்சல்னு நினைச்சு வெட்டிடுது. ஜூம் செட்டிங்ஸ்ல ஆடியோவுக்குப் போங்க, இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்டுன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து கீழ வர்றதுல ஹை ஃபிடெலிட்டி மியூசிக்கும் டிக் போடுங்க, நெட் திணறினா இந்த டிக்கை மட்டும் எடுத்துடலாம். நீங்க ஹெட்போன் போட்டிருக்கறதால எதிரொலி தடுக்கறதை அணைச்சு வச்சாலும் பாதகம் இல்ல. கிளாஸ் ஆரம்பிச்சதும் திரைல மேல் ஓரத்துல அந்த ஒரிஜினல் சவுண்டு ஆன்ல இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கங்க, செட்டிங்ஸ்ல போட்டாலும் அங்க ஆஃப்ல நின்னா வேலை செய்யாது. தம்புராவை மைக்குக்கு நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல ஒரு முழம் தள்ளி வையுங்க, உங்க குரல் மேல நிக்கும், சுருதி கீழ ஓடும். பிள்ளைங்க பக்கம் ஒண்ணும் மாத்த வேண்டாம்.

பாட்டு எல்லாம் காப்பி ஆனதும் அந்தப் பின் டெஸ்ட்டை மட்டும் பண்ணிட்டு, லேப்டாப் அடில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் எழுதியிருக்கும், அதையும் சேத்து எனக்கு எழுதுங்க. அதுல ஹெட்போன் ஓட்டை தனி போர்டுலயா மதர்போர்டுலயான்னு பாத்து சொல்றேன், கடைல பேசறதுக்கு உங்களுக்கு உதவும்.